விரலுக்குத் தெரிந்த பூ

பொங்கல் நெருங்கிவிட்டால் தபால்காரர் வரும் வேளையை எதிர்பார்த்துக் குழந்தைகள் வாசலில் நின்ற காலம் ஒன்று உண்டு. வந்த வாழ்த்துகளை நூலில் கோத்துக் கூடத்தில் தொங்கவிடுவோம். இப்போது கைபேசியில் ஒரே படம் நூறு பேருக்குப் பறக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அச்சடித்த அட்டையும் வேலையைக் குறைக்கப் பிறந்ததுதான். 1843-ஆம் ஆண்டில் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஹார்ஸ்லி என்ற சித்திரக்காரரைக் கொண்டு வரையச் செய்து முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதும் சிரமம் தீர்ந்தது.

சிரமத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ள விருப்பமுள்ள நேயர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காகிதம். கந்தல் பருத்தித் துணியைக் கூழாக்கிச் செய்த கனமான கைக்காகிதம் கிடைத்தால் மிகவும் சிலாக்கியம். 1934-இல் காந்தியடிகள் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை அமைத்தபோது, தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதன் காரியதரிசியாக இருந்தார். அச்சங்கம் ஆதரித்த தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. தேசாபிமானத்தால் மட்டும் சிபாரிசு செய்கிறேன் என்று எண்ண வேண்டாம். பருத்தி இழை நீளமானது; அழுத்தினால் இளகிக் கொடுக்கும். பளபளப்பு ஏற்றிய மலிவு அட்டையோ மேல்பூச்சு வெடித்துவிடும். 8 அங்குல நீளமும் 6 அங்குல அகலமுமாக வெட்டிக்கொள்ளுங்கள். மடிப்பது கடைசியில்.

பூவுக்கு நான் தேர்ந்தெடுப்பது பூசணிப் பூ. மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகி வைக்கிறோமே, அதே பூதான். ஐந்து இதழ், ஒரு காம்பு, இரண்டு இலை. சித்திரம் வராதவர்களுக்கும் வரும்.

துளைத் தகட்டுக்குப் பழைய எக்ஸ்ரே பிலிம் போதும். இதழ்களை ஒன்றோடொன்று ஒட்டி வெட்டினால் பூ முழுவதும் ஒரே ஓட்டையாய் விழுந்துவிடும். இதழுக்கு இதழ் அரைக்கால் அங்குலம் பாலம்போல் விடவேண்டும். சிறிய துளைகளை முதலில் வெட்டி, பெரியவற்றைப் பின்னால் வெட்டுங்கள். வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாமல் பிலிமைத் திருப்புங்கள். எழுத்துகளை மட்டும் தகட்டில் வெட்ட முயலாதீர்கள். ‘வ’வின் சுழியும் ‘ழ’வின் சுழியும் உள்ளே தனித்துண்டாய் உதிர்ந்து போகும். வாழ்த்தைக் கையாலேயே எழுதுவது உத்தமம். மதுராவிலும் பிருந்தாவனத்திலும் ‘ஸாஞ்ஜி’ என்று காகிதத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கிருஷ்ண லீலைகளையே தகடாக்குகிறார்கள். அந்த நுட்பத்தைப் பார்த்தால் நம் ஐந்து இதழுக்கு வெட்கமாக இருக்கும்.

அட்டையின் வலது பாதியில் தகட்டை வைத்து, ஓரங்களை ஒட்டுத்தாளால் பிடித்துக்கொள்ளுங்கள். வர்ணம் கெட்டியாக இருக்கவேண்டும். தூரிகையில் தொட்டதைப் பழந்தாளில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த பிறகு, நெட்டுக்குத்தாகப் பிடித்துத் தட்டவேண்டும். ஈரம் மிகுந்தால் தகட்டுக்கு அடியில் புகுந்துவிடும். இதழின் ஓரத்தில் அழுத்தமும் நடுவில் மெலிவுமாக மஞ்சளைத் தட்டினால் பூவுக்கு உயிர் வரும்.

இனிப் புடைப்பு. வர்ணம் நன்றாக உலரட்டும்.  தகட்டை எடுக்காமல், அட்டையோடு சேர்த்துத் திருப்பி, வெளிச்சம் வரும் ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடியுங்கள். துளைகளின் நிழல் பின்புறம் தெரியும். தாளின் முதுகில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்து, மை தீர்ந்த பால் பாயிண்ட் பேனாவின் முனையால் துளையின் ஓரத்தையொட்டி நாலைந்து முறை மெதுவாக வருடுங்கள். ஒரே மூச்சில் அழுத்தினால் காம்பு கிழியும். என் முதல் அட்டை அப்படித்தான் போயிற்று.

இரண்டாவது அட்டையைக் கிராமத்திலுள்ள என் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். அவருக்குப் பார்வை போய்ச் சில வருஷங்களாகின்றன. வழக்கமான அட்டைகளை யாராவது படித்துச் சொன்னால் கேட்டுக்கொண்டு கீழே வைத்துவிடுவார். இதை மட்டும் மடியில் வைத்து நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாராம். அன்று மாலை தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஏண்டா, பூசணிப் பூவுக்கு ஐந்து இதழல்லவா? இதிலே நாலுதானே இருக்கிறது?”

நகல் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஐந்தும் மஞ்சளாக ஜொலித்தன. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். நாலுதான் இருந்தது. ஓர் இதழை அரைகுறையாக எழுப்பிவிட்டு, வர்ணத்தைப் பார்த்து நான் ஏமாந்திருக்கிறேன்!

ஆகையால், தகட்டை எடுப்பதற்கு முன் கண்ணை மூடி ஒருமுறை தடவிப் பாருங்கள். பிறகு நடுவே மடித்து, உட்புறத்துப் பள்ளம் மறைய மெல்லிய தாள் ஒன்றை ஒட்டலாம். பசை ஓரங்களில் மட்டும் போதும். தபாலில் நசுங்காமலிருக்க, உறைக்குள் மற்றோர் அட்டையையும் பூவின் மேல் வைத்து அனுப்புங்கள்.

பெரியம்மாவுக்கு ஐந்தாவது இதழோடு வேறோர் அட்டை தை பிறந்த பின் போய்ச் சேர்ந்தது. இப்போது இலையில் நரம்பு இல்லை என்கிறார்.