கொள்கலனும் கேர்ணலும்: கையடக்கத் தொலைபேசியில் ஒரு சோதனை

லினக்ஸ் கொள்கலன் என்பது தனியானதோர் இயந்திரமன்று. ஒரே கேர்ணலின்மீது இயங்கும் செயல்முறைகளை ஒன்றையொன்று காணாதவாறு பிரித்துவைக்கும் ஏற்பாடே அது. பிரிப்பதற்குப் பெயர்வெளிகளும், வளங்களைப் பங்கிடுவதற்குக் கட்டுப்பாட்டுக் குழுக்களும் கேர்ணலிலேயே அமைந்திருத்தல் வேண்டும். பின்னையது கூகுள் பொறியியலாளர் தொடங்கிய வேலையின் பேறாக 2008இல் கேர்ணலிற் சேர்ந்தது. அதே நிறுவனம் வளர்க்கும் அன்ரொயிட்டும் லினக்ஸ் கேர்ணலையே கொண்டது. எனினும் அன்ரொயிட் தொலைபேசிகள் பலவற்றிற் கொள்கலன் இயங்குவதில்லை.

மூலநிரலில் உள்ளதெல்லாம் கருவியில் இருப்பதில்லை. தொகுக்கும்போது எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை உற்பத்தியாளரே தீர்மானிக்கிறார். அத்தீர்மானத்தின் பதிவு 'புரொக்' அடைவிலே சுருக்கப்பட்ட 'கொன்ஃபிக்' கோப்பாகக் கிடைக்கலாம், எல்.எக்ஸ்.சி. தொகுதியின் சோதனைநிரல் அதனைப் படித்துக் குறைகளைக் காட்டும். கோப்பு இல்லையெனின் ஆதரவும் இல்லையென முடிவுசெய்தல் தவறு. அதனை வெளிக்காட்டுவதும் உற்பத்தியாளரின் தெரிவே. அந்நிலையில் 'புரொக்' அடைவினுள் 'செல்ஃப்', அதனுள் 'என்.எஸ்.' எனச் சென்று, எந்தப் பெயர்வெளிகள் உள்ளன என நேரே நோக்குவோம். 2013இல் முழுமையுற்ற பயனர் பெயர்வெளி பல கருவிகளில் விடுபட்டிருக்கும்.

விடுபட்டதைச் சேர்த்து மீளத் தொகுக்கலாமே என்பர். உண்மைதான், ஜி.பி.எல். உரிமம் கேர்ணலின் மூலநிரலைத் தருமாறு உற்பத்தியாளரைப் பணிக்கிறது. ஆனால் துவக்கநிரல் பூட்டப்பட்டிருப்பின், திருத்திய கேர்ணலைக் கருவி ஏற்காது. கருவி வாங்கியவரின் உடைமை, அதன்மீதான ஆதிக்கமோ உற்பத்தியாளருடையது என்ற முரண்பாடு இங்கேதான் வெளிப்படுகிறது. ஆதலின், கேர்ணலைச் சோதிக்குமுன் அப்பூட்டினைத் திறக்க உற்பத்தியாளர் இடமளிக்கிறாரா என்பதனையும் நாம் விசாரித்துக்கொள்கிறோம்.