மாடிப்படி விளக்கு ஏன் மக்கர் பண்ணுகிறது?

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்குத் திருவண்ணாமலையில் பல வீடுகளில் குடும்பமே மொட்டை மாடியில் நிற்கும். மகாதீபத்தைக் கும்பிட்டுவிட்டு பாட்டி முதல் பேத்தி வரை இருட்டில் படியிறங்குவார்கள். மழைக்காலம் வேறு, படி வழுக்கும். அன்று பார்த்து மாடிப்படி விளக்கு எரியாவிட்டால் ஆபத்துதான். இதற்குக் காரணம் எப்போதும் பல்பாக இருப்பதில்லை, சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் ஒயரிங்காகவும் இருக்கலாம்.

கீழே போட்டு மேலே அணைக்க உதவும் டூவே சுவிட்சில் மூன்று முனைகள் உண்டு. அவற்றில் ஒன்று காமன். பெரும்பாலும் நடுவில் இருக்கும். கீழ் சுவிட்சின் காமனுக்கு ஃபேஸ் வருகிறது. மேல் சுவிட்சின் காமனிலிருந்து பல்புக்குப் போகிறது. மற்ற முனைகளை இரண்டு ஒயர்கள் இணைக்கின்றன. இரண்டு சுவிட்சும் ஒரே ஒயரைப் பிடித்தால் விளக்கு எரியும். ஆளுக்கொரு ஒயரைப் பிடித்தால் அணையும். மொத்தம் 4 நிலைகள். இரண்டில் எரிய வேண்டும், இரண்டில் அணைய வேண்டும்.

இத்தகைய சுவிட்ச் இணைப்புகளை இயற்கணிதமாகவே எழுதிவிடலாம் என்று 1937-ல் எம்.ஐ.டி. மாணவர் கிளாட் ஷானன் தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். நம் மாடிப்படியில் இருக்கும் அதே தர்க்கம்தான் கணினி இரண்டு எண்களைக் கூட்டும்போதும் வேலை செய்கிறது.

அதனால் பழுதையும் எண்ணியே கண்டுபிடிக்கலாம். இரண்டு சுவிட்சையும் மாற்றி மாற்றிப் போட்டு, 4 நிலைகளையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் எரிகிறதா? “மேல் சுவிட்ச் இப்படி இருந்தால்தான் கீழே வேலை செய்யுது” என்று வீட்டில் சொல்வது இதைத்தான். காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். பல வருடம் ஒழுங்காக எரிந்து திடீரென்று இப்படி ஆனால், இடையிலுள்ள ஒரு ஒயர் அறுந்திருக்கும், அல்லது சுவிட்சின் ஒரு பக்கம் கருகியிருக்கும். புது சுவிட்ச் மாட்டிய அன்றிலிருந்தே இப்படி என்றால், காமனில் வர வேண்டிய ஒயர் பக்கத்து முனைக்குப் போயிருக்கிறது. எலக்ட்ரீஷியனிடம் இந்த வரலாற்றைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொரு கோளாறு, மாடியை வாடகைக்கு விட்டுத் தனி மீட்டர் வைத்த வீடுகளில் வருவது. மாடிப்படி விளக்கைப் போட்டதும், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றாக இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகும். பல்பைக் குற்றம் சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஃபேஸ் கீழ் மீட்டரிலிருந்தும் நியூட்ரல் மேல் மீட்டரிலிருந்தும் வந்தால், போன மின்னோட்டம் அதே வழியில் திரும்புவதில்லை. 9 வாட் எல்.இ.டி. பல்பு 230 வோல்ட்டில் சுமார் 40 மில்லி ஆம்பியர் இழுக்கும். வீடுகளில் வைக்கும் ஆர்.சி.சி.பி.யோ 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள் துண்டித்துவிடும். அது சரியாகத்தான் வேலை செய்கிறது. அதைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொல்லாதீர்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் கீழ் மெயினை மட்டும் இறக்கிவிட்டு சுவிட்ச் பெட்டியைத் திறப்பது உயிருக்கே ஆபத்து, மாடியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கலாம். டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இணைப்பில் வைத்துச் சோதித்து, இரண்டு மெயினையும் இறக்கி, பிறகு அந்தப் பெட்டியின் ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பார்த்த பின்பே எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூவைத் தொட வேண்டும்.