தையல் பிரித்த பிறகு

மூன்றாவது வாரத்தில்தான் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். வலி அடங்கியிருக்கும். கண்ணாடியில் பார்த்தால் காயம் மூடி, தோல் ஒட்டியிருக்கும். இனித் தண்ணீர் கேனைத் தூக்கலாம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். மார்பக உயர்த்தல் அறுவை செய்த டாக்டர்கள் கைகாட்டித் தடுப்பது இதைத்தான்.

காரணம் எளிது. வெட்டி ஒட்டிய தோலின் வலுவை எலிகளில் இழுத்துப் பார்த்து அளந்த 1960-களின் ஆய்வு இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. முதல் வார முடிவில் பழைய வலுவில் சுமார் 3 சதவீதம். மூன்று வாரத்தில் 20. மூன்று மாதத்தில் 80. அதற்கு மேல் ஏறுவதே இல்லை. மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்கிறது. அடியில் அவசரத்துக்கு விரித்த மெல்லிய கொலாஜன் எனும் புரத இழையைப் பிரித்துவிட்டு, தடித்த கொலாஜனை முறுக்கிப் போடும் வேலை ஒரு வருடம்கூட இழுக்கும். அதுவரை தழும்பு சிவந்தே இருப்பதும் அதனால்தான்.

இந்த அறுவையைத் தேட வைக்கும் மார்பகத் தளர்வுக்குத் தாய்ப்பால்மீது பழி போடுவது நம் ஊரில் மட்டுமல்ல, உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தபோது, பாலூட்டலுக்கும் தளர்வுக்கும் தொடர்பு தென்படவில்லை. வயது, புகைப்பழக்கம், எத்தனை முறை கருவுற்றார் என்பவைதான் கணக்கில் வந்தன. அறுவையில் உபரித் தோலை வெட்டி எடுத்து, காம்பை நரம்பும் ரத்தக்குழாயும் அறுபடாமல் மேலே நகர்த்தி, மிச்சத் தோலை இழுத்துத் தைக்கிறார்கள்.

எங்கே வெட்டுவது என்பதற்கு ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1956-ல் ஓர் அளவு வரைந்தார். அவர் பார்த்துப் படித்தது பிராவுக்குத் துணி வெட்டும் தையல் கணக்கை! நங்கூரம் போன்ற அந்தத் தழும்பு இன்றும் வழக்கில் இருக்கிறது. மார்பகத்தைச் சிறிதாக்கும் அறுவைக்கும் இதே கோடுகள்தான். தோள்வலி, முதுகுவலியோடு வருபவர்களுக்கு அதைச் செய்யும் இலவசக் கிளினிக் ஒன்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ல் தொடங்கியது. அழகுக்கு அரசுப் பணமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். வலி ஏழைக்கும் வலிதானே.

நங்கூரத்தின் அடியில், நேர்கோடும் குறுக்குக்கோடும் சந்திக்கும் ஒரு புள்ளி உண்டு. காயம் பிரிந்தால் பெரும்பாலும் அங்கேதான் பிரியும். இழுவை அதிகம், ரத்தம் போய்ச் சேரும் கடைசி இடமும் அதுவே. புகைபிடிப்பவர்களை அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வது இதை மனதில் வைத்துத்தான். நிகோடின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிட்டால், அந்த முனை கறுத்துப்போகும்.

கம்பி இல்லாத இறுக்கமான பிராவை இரவும் பகலும் போடச் சொல்வதும், மல்லாந்து தலையை உயர்த்திப் படுக்கச் சொல்வதும், கையைத் தோளுக்கு மேல் தூக்காதே என்பதும் ஒரே கணக்கு. புதுத் தையல்மீது எடை தொங்கக் கூடாது. இழுபடும் காயம் தடிக்கும் என்பதை ஸ்டான்ஃபோர்ட் குழு ஒன்று 2011-ல் காட்டியது. வயிற்றுத் தோல் அகற்றும் அறுவை செய்துகொண்டவர்களின் தழும்பில் ஒரு பகுதியில் மட்டும் இழுவையைத் தாங்கும் பட்டையை ஒட்டினார்கள். அந்தப் பகுதியில் தழும்பு மெலிந்தே இருந்தது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கெலாய்டு எனும் புடைத்த தழும்பு வரும் வாய்ப்பு வெள்ளைத் தோலைவிட அதிகம். அதற்கு மார்பு பிடித்தமான இடம். காது குத்திய இடத்தில் உருண்டை வளர்ந்தவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து சாப்பாடு. “புளிப்பு சேர்க்காதே, சீழ் பிடிக்கும்” என்று எலுமிச்சையையும் ஆரஞ்சையும் ஒதுக்கிவைக்கும் வீடுகள் உண்டு. பாஸ்டனில் ஜான் கிராண்டன் என்ற இளம் சர்ஜன் 1939-ல் இதற்கு நேரெதிரான பரிசோதனையைத் தன் உடம்பிலேயே செய்து பார்த்தார். பழமும் காய்கறியும் இல்லாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டார். மூன்றாம் மாதம் முதுகில் வெட்டிய காயம் ஒழுங்காக ஆறியது. ஆறாம் மாதம் வெட்டியது வெளியே மூடியது, உள்ளே ஒட்டவே இல்லை. வைட்டமின் சி ஊசி போட்டபின் அதுவும் ஆறியது. கொலாஜன் முறுக்கேற அந்த வைட்டமின் வேண்டும். ஆறிய தழும்புக்கும் அது தேவை: 1740-களில் ஆன்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியின் கப்பலில் ஸ்கர்வி வந்த மாலுமி ஒருவருக்கு, ஐம்பது வருடத்துக்கு முன் போரில் பட்ட காயம் மறுபடி வாய் திறந்ததாகக் கப்பல் குறிப்பு சொல்கிறது. பத்தியம் என்று ரசம் சாதத்தோடு நிறுத்தாமல் கொய்யா, நெல்லி, முட்டை, பருப்பு கொடுப்பதே புத்திசாலித்தனம்.

முதல் மாதத்தில் காம்பு மரத்துக் கிடக்கலாம். பிறகு சுருக் சுருக்கென்று மின்சாரம் பாய்வதுபோல இருக்கும். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்கிறது. பலருக்கு உணர்ச்சி மாதக்கணக்கில் மெல்லத் திரும்புகிறது, சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காம்பு நீலம் பாரித்தாலோ காத்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் வலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குத்தான். ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அறுவையன்றே எழுந்து நடக்கச் சொல்வதும் அதைத் தவிர்க்கவே.

வருடங்கள் கழித்துத் தட்டுப்படும் சிறு கட்டி, ரத்தம் கிடைக்காமல் இறுகிய கொழுப்பாக இருக்கலாம். மேமோகிராமில் சில நேரம் புற்றுநோய்போலவே தெரியும். தொட்டுப் பார்த்து நாமே முடிவு கட்ட முடியாது. பரிசோதித்தே ஆக வேண்டும். படம் எடுப்பவரிடம் பழைய அறுவையைப் பற்றிச் சொன்னால், தேவையில்லாத ஓர் ஊசிப் பரிசோதனை மிச்சமாகலாம்.