டயரின் வயது

கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையில், விடுமுறை நாள்களில் மட்டும் வெளியே வரும் ஸ்போர்ட்ஸ் கார்களும் ஓடுவதுண்டு. இத்தகைய வண்டிக்குத் தேய்மானத்தைவிட டயரின் வயதே பெரும் பகையாகும்.

பள்ளங்கள் ஆழமாயிருக்கக் கண்டு உரிமையாளர் மனநிறைவு அடைகிறார். ஆனால், புத்தளத்து உப்பளங்களில் கடல்நீரை வற்றச் செய்யும் அதே வெயில் இறப்பரையும் இறுகச் செய்கிறது. காற்றிலுள்ள ஓசோன் பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. இறுகிய இறப்பர் நனைந்த வீதியைப் பற்றாது. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையில், வளைவொன்றில் பிறேக்கை மிதிப்பவரின் உயிர் அந்தப் பிடிப்பிலேயே தங்கியுள்ளது.

ஆதலால், புதிய டயர் வாங்குமுன் அதன் பக்கச்சுவரைப் படியுங்கள். டி.ஓ.டி. எனத் தொடங்கும் வரிசையின் இறுதி நான்கு இலக்கங்களே அதன் பிறப்புச் சான்று. 2324 எனில், 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஒரு பக்கத்தில் இவ்விலக்கங்கள் இல்லையேல் மறுபக்கத்தைப் பாருங்கள். மூன்றே இலக்கங்கள் இருப்பின், அது 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. மலிவாகக் கிடைப்பினும் கொள்ளற்க.

அளவையடுத்து இறுதியில் நிற்கும் எழுத்து வேக எல்லையைக் குறிக்கும். எச் எனில் மணிக்கு 210 கிலோமீற்றர். வி எனில் 240. வண்டிக்கு விதிக்கப்பட்டதினும் குறைந்ததை வாங்கலாகாது.

நான்கும் ஒரே அளவினவாக இருந்து, இரண்டை மட்டும் மாற்றுவதாயின், புதியவற்றைப் பின்புறம் பூட்டுக. பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

பத்து ஆண்டு கடந்த டயர், தேயாதிருப்பினும், கழற்றப்பட வேண்டியதே. உதிரிச் சக்கரத்துக்கும் இது பொருந்தும்.