உங்களுக்குத் தெரியுமா? கவர்னர் கையொப்பமின்றி விதியை வீழ்த்தும் சட்டசபை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில், சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா போன்ற எந்த நிர்வாக இலாகா இயற்றும் விதியும், தனக்கு ஆதாரமான சட்டத்தின் உத்தேசத்துக்கு முரணானது என்று சட்டசபையின் இரு மன்றங்களும் கருதுமாயின், கவர்னரின் கையொப்பத்தை எதிர்பாராமலே அவ்விதியைச் செல்லாததாக்கும் அதிகாரம் அவற்றுக்கு உண்டு. இவ்வதிகாரத்தைச் சட்டசபை முன்னமே சாதாரணச் சட்டத்தின் மூலம் எடுத்துக்கொண்டபோது, மாகாண உச்ச நீதிமன்றம் 1982-இல் அதனை நிராகரித்தது. பின்னர் 1992-இல் வாக்காளர்களே அரசியல் சாசனத் திருத்தத்துக்குச் சம்மதம் அளித்தனர்.

ஆயினும் காரியம் சுலபமன்று. ஆட்சேபத்தைத் தெரிவித்தபின் விதியைத் திருத்தவோ வாபஸ் பெறவோ இலாகாவுக்கு 30 நாள் அவகாசம். அதற்கும் அசையாவிடில் பகிரங்க விசாரணை. விசாரணைக் குறிப்பு அங்கத்தினர் மேஜைகளில் 20 நாள் கிடந்த பிறகே, இரு மன்றங்களிலும் மொத்த அங்கத்தினரில் பெரும்பான்மையோரின் வாக்கு. இத்தாமதம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்றே தோன்றுகிறது.

இவ்வதிகாரம் பிரயோகிக்கப்படாமலே விதி மாறுவதும் உண்டு. 2012-இல் சாண்டிப் புயலால் சின்னாபின்னமான நியூ ஜெர்சிக் கரையோரத்தில், சீதோஷ்ண மாறுதலை முன்னிட்டு விதிகளைத் திருத்துமாறு 2020-இல் கவர்னர் மர்ஃபி ஆணையிட்டார். கரையோர வெள்ள அபாயப் பகுதிகளில் எழும் கட்டடங்களின் மட்டம், மத்திய சர்க்கார் குறித்த வெள்ள மட்டத்துக்கு மேல் 5 அடி உயர வேண்டுமென்று 2024-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா முன்மொழிந்தது. மறு ஆண்டில் அது 4 அடியாயிற்று. அந்த ஓரடியைக் குறைத்தது சட்டசபையின் ரத்துத் தீர்மானம் அன்று. பொதுஜன அபிப்பிராயங்களைப் பரிசீலித்த இலாகாவேதான்.