கடன் கொடுத்துத் திரும்ப வாங்கும் மின்சாரம்

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 1959 முதல் இயங்கிவருகிறது 'புரோட்டான் சிங்க்ரோட்ரான்' என்ற துகள் முடுக்கி. சுற்றளவு 628 மீட்டர். அந்த வளையத்துக்குள் புரோட்டான்கள் ஒளி வேகத்தில் 99.9 சதவீதத்தை எட்டுகின்றன. ஆற்றல் கூடக் கூட அவற்றை வளைத்துப் பிடிப்பது கடினம். ஆகவே, வளையத்தைச் சுற்றியுள்ள சுமார் நூறு மின்காந்தங்களின் புலமும் அதே கணக்கில் ஏற வேண்டும். வேலை முடிந்ததும் இறங்கி, அடுத்த கற்றைக்குத் தயாராக வேண்டும்.

உச்ச ஆற்றலில் இது 2.4 நொடிக்கு ஒருமுறை நடக்கிறது. நாள் முழுக்க ஓடினால் 36,000 முறை! இப்படி விட்டுவிட்டு மின்சாரம் இழுக்கும் கருவியைத் 'துடிப்புச் சுமை' என்கிறார்கள்.

ஒவ்வொரு துடிப்பிலும் காந்தங்களுக்குள் சேரும் ஆற்றல் சுமார் 12 மெகாஜூல். அதாவது, ஒரு டன் ஏ.சி. மூன்று மணி நேரத்தில் செலவழிக்கும் மூன்றேகால் யூனிட். ஆனால், அவ்வளவும் ஒரு நொடிக்குள் உள்ளே போயாக வேண்டும். மின்னோட்டம் 6,000 ஆம்பியரைத் தொடும். திறன் 60 மெகாவாட்டுக்கு எகிறும். நேரடியாக மின்கட்டமைப்பிலிருந்து இழுத்தால், சுற்றுவட்டார விளக்குகள் மினுங்கக்கூடும்.

முன்பு இதற்கு, பல டன் எடையுள்ள சுழலும் இயந்திரம் ஒன்று ஆற்றலைச் சேமித்துக் கொடுத்தது. 2011-இல் அதன் இடத்துக்கு வந்தது புதிய 'மின்திறன் மாற்றி'. மின்சாரத்தின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் தேவைக்கேற்ப வடிவமைக்கும் கருவி இது. இதன் சேமிப்புக் கிடங்கு, கண்டெய்னர்களில் அடுக்கிய ஆறு மின்தேக்கித் தொகுதிகள். இந்த மின்தேக்கிகளுக்குள் இருப்பது மெல்லிய உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலம். எங்காவது ஒரு புள்ளியில் அது பழுதானால், சுற்றியுள்ள உலோகம் ஆவியாகி அந்தப் புள்ளியைத் தனிமைப்படுத்திவிடும். தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் பொருள்!

காந்தங்கள் ஏறும்போது மின்தேக்கிகள் ஆற்றலைக் கொடுக்கின்றன. இறங்கும்போது திரும்ப வாங்கிக்கொள்கின்றன. வெப்பமாக வீணாவதை மட்டுமே மின்கட்டமைப்பு ஈடுகட்டுகிறது. இன்னொரு வியப்பு: ஆறு தொகுதிகளில் இரண்டுதான் மின்கட்டமைப்போடு இணைந்தவை. மற்ற நான்கும் தங்கள் பங்கைக் காந்தங்களின் வழியாகவே பெறுகின்றன.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நடுவே மின்தேக்கிகளின் அழுத்தம் கணிசமாக இறங்கி ஏறும். காந்த மின்னோட்டமோ வகுத்த பாதையிலிருந்து விலகக் கூடாது. குறைக்கடத்தி சுவிட்சுகள் நொடிக்குப் பல நூறு முறை திறந்து மூடி இதைச் சாதிக்கின்றன. எந்த சுவிட்ச் எந்தக் கணத்தில் திறக்க வேண்டும்? இந்தக் கேள்விதான் பல முனைவர் பட்ட ஆய்வுகளின் களம். அடுத்து என்ன நடக்கும் என்பதைக் கணித மாதிரியால் முன்கூட்டியே கணக்கிட்டு முடிவெடுக்கும் 'முன்கணிப்புக் கட்டுப்பாடு' அங்கே ஆராயப்படும் வழிகளில் ஒன்று.

துடிப்புச் சுமை நம் ஊர் ஸ்கேன் மையத்திலும் உண்டு. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது காதைத் துளைக்கும் 'டக் டக்' ஓசை, மின்திறன் மாற்றி அனுப்பும் மின்துடிப்புகளால் காந்தச் சுருள்கள் அதிர்வதால் எழுவது. அந்தத் துடிப்புகள் எவ்வளவு துல்லியமோ, மருத்துவர் பார்க்கும் படமும் அவ்வளவு தெளிவு.