ஊவாவின் தொன்மைத் தலங்களும் யப்பானியர் திருக்கோயில்களும்

தலயாத்திரை தமிழர்க்குப் புதிதன்று. நெடுவழி நடந்து சென்று தொழுதலும், தொழுத தலத்தின் பெருமையை மீண்டுவந்து பிறர்க்கு உரைத்தலும் நம் முன்னோர் வழக்கு. ஆயினும், ஒரு தலத்தைத் தொழுதல் வேறு. அதனைப் பார்த்தறிதல் வேறு. பதுளையில் வாழும் நம் மாணவர் பலர் யப்பான் நாட்டின் நாரா, கியோத்தோ முதலிய நகரங்களிலுள்ள கோயில்களைப் படத்திற் கண்டு வியக்கின்றனர். அவர்தாமே நகரின் நடுவே நிற்கும் முதியங்கனை விகாரையை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். அதனுள்ளே என்ன இருக்கின்றது என்று வினவினால் விடையின்றி நிற்கின்றனர். "அது நம்முடையதன்று, ஐயா" என்று ஒருவன் கூற, ஏனையோர் அதற்கு உடன்படுவர். இவ்விடை எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். யப்பானை ஈண்டுத் துணைக்கு அழைப்பது அணிக்காக அன்று. அந்நாட்டின் இருவகைத் தலங்களின் இயல்பை அறிந்தார்க்கு ஊவாவின் தலங்கள் எளிதில் விளங்கும்.

யப்பானில் புத்தர் கோயிலைத் 'தெரா' என்பர். அந்நாட்டின் பழந்தெய்வங்களாகிய 'காமி'களுக்கு உரிய கோட்டம் 'ஜிஞ்ஜா' எனப்படும். தெராவிற் புத்தர், போதிசத்துவர் ஆகியோரின் படிமங்கள் உண்டு, துறவியர் உறைவர். ஜிஞ்ஜாவின் முன்னே இரு தூண்களின்மேல் குறுக்குமரம் தாங்கிய 'தொரீ' என்னும் வாயில் நிற்கும். உள்ளே செல்வார் கையும் வாயும் நீரால் தூய்மை செய்துகொண்டு செல்வர். இவ்விரண்டும் இரு வேறு மக்கட் கூட்டத்தார்க்கு உரியன என்று எண்ணுதல் கூடாது. குழந்தை பிறந்தால் ஜிஞ்ஜாவிற்கு எடுத்துச் செல்வதும், ஒருவர் இறந்தால் தெராவின் துறவியரை அழைப்பதும் ஒரே இல்லத்தாரின் வழக்கமாகும்.

இனி நம் பதுளையை நோக்குவோம். முதியங்கனை, இலங்கைப் பௌத்தர் போற்றும் பதினாறு பெருந்தலங்களுள் ஒன்று. நமுனுகுல மலையின் தலைவனாகிய இந்தகன் என்பான் அழைக்கப் புத்தர் ஈண்டு எழுந்தருளினார் என்பது தலமரபு. இங்குள்ள தாதுகோபத்தைத் தேவநம்பியதீசன் கட்டுவித்தான் என்பர். மரபு வேறு, சான்று வேறு என்பதை மாணவர் மறவாதிருத்தல் நலம். ஆயினும், மலைத்தெய்வம் ஒன்று புத்தரை விருந்தோம்பிற்று என்று கூறும் அம்மரபிலேயே ஓர் உண்மை பொதிந்துள்ளது. பழந்தெய்வம் துரத்தப்படவில்லை; அடியாராக்கப்பட்டது. அந்நகரிலேயே கதிர்காமக் கடவுளுக்குரிய தேவாலயமும் உண்டு. மரத்தூண்களும் ஓட்டுக் கூரையும் உடைய கண்டி நாட்டுக் கட்டட முறையில் அது அமைந்தது. விகாரை பிக்குமார் பொறுப்பில் உள்ளது. தேவாலயத்தில் பூசை ஆற்றுவோர் கப்புறாளைமார். அதன் உடைமைகளை நிருவகிப்பவர் பஸ்நாயக்க நிலமே என்னும் பதவியினர். வீடுபேற்றிற்குப் புத்தரும், நோய், வழக்கு, விளைச்சல் முதலிய இவ்வுலகக் காரியங்களுக்குத் தெய்வங்களும் என்று மக்கள் பகுத்துக்கொண்டனர். அத்தெய்வ வரிசையில் நம் கந்தனும் திருமாலும் உளர். கண்ணகி பத்தினித் தெய்யோ ஆகி நிற்கின்றாள்.

யப்பானில் இத்தகைய ஒருங்கிருப்பு ஆயிரம் ஆண்டுக்கு மேல் நிலவிற்று. 1868ஆம் ஆண்டில், புதிதாக அமைந்த மெய்ஜி அரசு, தெராவும் ஜிஞ்ஜாவும் பிரிக்கப்படல் வேண்டும் என ஆணை பிறப்பித்தது. அதன் விளைவாக ஜிஞ்ஜாக்களிலிருந்து துறவியர் நீக்கப்பட்டனர், பல ஊர்களில் படிமங்கள் உடைக்கப்பட்டன, ஏடுகள் எரியுண்டன. தூய்மை நாடிச் செய்த அச்செயலால் அழிந்த கலைச்செல்வங்களை எண்ணி அந்நாட்டு அறிஞர் இன்றும் வருந்துகின்றனர். நம் நாட்டில் எவரும் அத்தகைய ஆணையிட்டதில்லை. ஆயினும், முதியங்கனையைக் கண்டு "நம்முடையதன்று" என்னும் மாணவனும், முருகனை மட்டும் வேண்டிக்கொண்டு கிரிவிகாரையைத் திரும்பியும் பாராது மீளும் யாத்திரிகனும் தத்தம் மனத்துள் அவ்வாணையை இட்டுக்கொண்டவரே.

கிரிவிகாரை என்றேன்; அது கதிர்காமத்தில் உள்ளது. பதுளையிலிருந்து எல்லை, வெல்லவாய வழியாகத் தெற்கே இறங்கிப் புத்தளை கடந்து செல்வார்க்குக் கதிர்காமம் ஊவா மாகாணத்துள்ளேயே வாய்க்கின்றது. மாணிக்க கங்கையில் நீராடி மகா தேவாலயத்தின் முன் நிற்கும் தமிழர், முதன்முறையாக வருவாராயின், சிறிது திகைப்பர். விண்ணளாவும் கோபுரம் இல்லை. சிற்பம் செறிந்த மண்டபம் இல்லை. சிறிய எளிய கட்டடம் ஒன்றே உண்டு. உள்ளேயும் திருவுருவக் காட்சி இல்லை. கடவுளும் தேவியரும் தீட்டப்பெற்ற திரைச்சீலையே தொங்கும். அதன் அப்பால் கப்புறாளை ஒருவரே செல்வர். ஆடித் திங்களை ஒட்டி வரும் பெருவிழாவிலும் யானைமேல் எழுந்தருள்வது திருவுருவம் அன்று, மூடிய பேழையே. அதனுள் யந்திரம் உள்ளது என்பது மரபு. ஊர்வலம் வள்ளியம்மன் சந்நிதி வரை சென்று மீளும்.

"காண்பதற்கு ஒன்றும் இல்லையே!" என்று கூறினார் என்னோடு வந்த நண்பர் ஒருவர். அவர் தமிழகத்துப் பெருங்கோயில்களிற் பழகியவர். அவருக்கு யான் ஜிஞ்ஜாவின் உள்ளறையைப் பற்றிக் கூறினேன். அங்கும் பொதுமக்கள் செல்லலாகாது. காமியின் இருப்பைத் தாங்கும் பொருள் ஒரு கண்ணாடியாகவோ, வாளாகவோ, கல்லாகவோ இருக்கும். அது பொதிந்து மறைத்து வைக்கப்பட்டிருக்கும். வழிபடுவார் வெளியே நின்று இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்கிச் செல்வர். நாமும் இதனை அறியாதவர் அல்லேம். தில்லையில் திரை விலக்கிக் காட்டப்பெறும் இரகசியத்தில் உருவம் ஏது? ஆகவே, கதிர்காமத்துத் திரை சிங்களவரது புதுமையும் அன்று. தமிழர் வழிபாட்டின் குறையும் அன்று. உருவத்தினும் இருப்பே பெரிது என்னும் பழங்கொள்கை ஒன்று, இந்நாடுகள் பலவற்றிலும் தனித்தனியே முளைத்து நிற்றலைக் காண்கின்றோம். தெய்வயானையம்மன் கோயிலும், பள்ளிவாசலும், கிரிவிகாரையும் ஒன்றற்கொன்று கூப்பிடு தொலைவில் அமைந்த அத்தலத்தைக் கண்ட பின்னும், தலங்களை எல்லையிட்டுப் பகுக்கும் எண்ணம் ஒருவர்க்கு எழுமாயின், அவர் கண்டது கதிர்காமம் அன்று.

திரும்பும் வழியில் வெல்லவாயவிற்கு அணித்தேயுள்ள புதுருவகலவை ஒருவரும் விடுதல் கூடாது. என் கருத்தில் ஊவாவின் தலங்களுள் மாணவர் முதற்கண் காணவேண்டுவது இதுவே. காட்டினிடையே ஒரே பாறை முகத்தில் ஏழு உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. நடுவில் நிற்கும் புத்தர் ஏறத்தாழ 51 அடி உயரமுடையவர். இந்நாட்டில் பாறையிற் செதுக்கிய நிற்கும் புத்தர் உருவங்களுள் இதனினும் உயர்ந்தது இல்லை. இவ்வுருவங்கள் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. இருமருங்கும் மும்மூவர் நிற்கின்றனர். ஒரு மருங்கின் நடுவே நிற்பவர் அவலோகிதேசுவரர்; பூசிய வெண்சாந்து இன்னும் ஆங்காங்கே ஒட்டியுள்ளது. அவர் அருகே இடை ஒசித்து நிற்பவள் தாரை. மறு மருங்கில் மைத்திரேயரும், கையில் வச்சிரம் தாங்கிய வச்சிரபாணியும் உளர். இவை தேரவாதத்தின் உருவங்கள் அல்ல, மகாயானத்தின் உருவங்கள். மகாயானமும் ஒருகாலத்தில் இம்மலைச்சாரலில் செழித்திருந்தது என்பதற்குக் கல்லிலே எழுதிய சான்று இது.

அவலோகிதரே யப்பானில் 'கன்னொன்' என வழங்கப்பெறுபவர். அருளின் வடிவாகிய அவர்க்கு அந்நாட்டில் உள்ள கோயில்கள் மிகப் பல. வச்சிரபாணியோ, நாராவின் தொதாய்ஜி முதலிய கோயில்களின் பெருவாயிலில் சினந்த முகத்துடன் நிற்கும் காவலர் உருவில் மாறி நிற்கின்றார். தொதாய்ஜியின் பெரிய வெண்கலப் புத்தருக்கு 752ஆம் ஆண்டில் கண் திறந்தவர், இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்னும் துறவி என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது. இவையெல்லாம் கிடக்க, தமிழ் மாணவர் கருதவேண்டுவது வேறொன்று உண்டு. அவலோகிதர் உறையும் மலை பொதலகம் எனப் பௌத்த நூல்கள் கூறும். ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் அம்மலையைத் தென்கோடி நாட்டில் வைத்துக் கூறுகின்றார். அது நம் பொதிகையே என்று யப்பானிய அறிஞர் சூ ஹிகோசாகா முதலியோர் ஆராய்ந்துரைத்துள்ளனர். வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரரும் அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடமே என்கின்றார். சைவர் அகத்தியர்க்கு உரியதென்றும், பௌத்தர் அவலோகிதர்க்கு உரியதென்றும் போற்றிய அம்மலையின் பெயர், யப்பானியர் நாவில் 'புதராகு' ஆயிற்று. அந்நாட்டின் தென்கடற்கரையில் உள்ள நாச்சி என்னும் ஊரிலிருந்து துறவியர் பலர் மூடிய படகில் ஏறித் தென்றிசை நோக்கிச் சென்றனர். புதராகு மலையை அடைவோம் என்ற நம்பிக்கையுடன் சென்ற அவர்கள் திரும்பிலர். அவ்வூரின் பேரருவியே தெய்வமாகத் தொழப்படுகின்றது. அருகருகே ஜிஞ்ஜாவும் கன்னொன் கோயிலும் 1868ஆம் ஆண்டு ஆணைக்குப் பின்னும் பிழைத்து நிற்கின்றன. 'நாச்சி' என்ற பெயரைக் கேட்டதும் நம்மவருட் சிலர் தமிழ் வேர் தேடப் புகுவர். ஒலியொப்புமை மட்டும் உறவாகாது. பொதிகைக்கும் புதராகுவுக்கும் உள்ள தொடர்போ நூல்வழி வந்தது.

ஆகவே, புதுருவகலவின் வெண்சாந்துத் திருமேனி முன் நிற்கும் தோட்டத்துப் பிள்ளை, அந்நியர் கோயிலில் நிற்கின்றான் என்று யான் ஒப்பேன்.

மாலிகாவிலவில் உள்ள பேருருவங்களும் இம்மகாயானத் தொடர்பைக் காட்டுவனவே. துண்டுண்டு கிடந்தவை மீண்டும் நிறுத்தப்பட்டன. பண்டாரவளைச் சாலையில் தோவ என்னுமிடத்துப் பாறையில் முற்றுப்பெறாத 38 அடி உருவம் ஒன்று உண்டு. சிற்பி உளியை எங்கே நிறுத்தினான் என்பதைக் காணவேனும் அங்கு இறங்குதல் தகும். ஹாலிஎலவை அடுத்த போகொடவில், ஓடையின் குறுக்கே ஓட்டுக் கூரையிட்ட பழைய மரப்பாலமும், பாறைக் குடைவில் கண்டி மரபுச் சுவரோவியங்களும் உள்ளன.

போகொடப் பாலத்தைக் காணும்போது ஓர் ஐயம் எழும். மரம் உளுக்கும், உளுத்ததை மாற்றுவர், மாற்றிய பின் அது பழைய பாலமாகுமா? யப்பானியர் இதற்கு இருவகை விடை தந்துள்ளனர். நாராவை அடுத்த ஹொர்யூஜி என்னும் தெராவின் கட்டடங்களுட் சில, உலகில் இன்று நிற்கும் மரக்கட்டடங்களுள் மிகப் பழையவை. பழுதானதை மட்டும் நீக்கி, பழைய மரத்தை இயன்றவரை காத்து வருகின்றனர். இசே என்னும் பெருங்கோட்டத்திலோ முறை வேறு. அங்குள்ள ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை அருகிலுள்ள வெற்றிடத்தில் அணுவும் பிசகாது புதிதாகக் கட்டித் தெய்வத்தை எழுந்தருளச் செய்வர், பழையதைப் பிரித்துவிடுவர். 62ஆவது முறை 2013இல் நிகழ்ந்தது. மரம் புதிது, கட்டும் முறையும் சடங்கும் பழையன. இசேயைப் புதுக்கோயில் என்பார் எவரும் இலர். நம் குடமுழுக்கு மரபும் இதற்கு அயலானதன்று.

இக்கருத்தை யான் நீட்டி உரைப்பதற்குக் காரணம் உண்டு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், பழம்பொருளுக்குப் பொது எல்லையாக 1815 மார்ச் 2ஆம் நாளைக் கொண்டது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்ட ஒப்பந்த நாள் அது. அதற்குப் பிற்பட்ட கட்டடம் காக்கப்பட வேண்டுமாயின் தனி அறிவிப்பு வேண்டும். கோப்பித் தோட்டங்களுக்கு நம் மக்கள் வந்ததோ அந்நாளுக்குப் பின்னர். எனவே, ஊவாவின் தோட்டங்களில் அவர் நிறுவிய மாரியம்மன், முனியாண்டி கோயில்கள் எல்லாம் அவ்வெல்லைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றின் தோற்றமும் அவற்றிற்குத் துணை செய்வதில்லை. மரத்தடியில் ஒரு கல்லும் சூலமுமாகத் தொடங்கியது, பின் தகரக் கொட்டிலாகி, பின் சீமெந்துச் சுவரும் சிறு கோபுரமும் பெற்றது. சுவரிற் பொறித்த ஆண்டைப் படிக்கும் மாணவன், இது தன் தந்தையார் காலத்துக் கட்டடம் என்று எண்ணி, வரலாறு வேறெங்கோ உள்ளது என்று முடிவு செய்கின்றான். முதியங்கனை நம்முடையதன்று என்றவனே, நம்முடைய கோயில் பழையதன்று என்றும் கூறுகின்றான்.

அவன் இசேயை நினைத்துப் பார்த்தல் வேண்டும். சீமெந்து புதிது; கரகம் பாலிக்கும் முறை புதிதா? காமன் கூத்தின் அடவும் பாட்டும் புதியனவா? கவ்வாத்துத் தொடங்குமுன் மலையில் வைக்கும் பூசையும், தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனிக்கு இடும் படையலும், தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த வழிபாடு தேயிலை மலையின் தொழிலோடு கலந்து புதுவடிவு கொண்டமையைக் காட்டுகின்றன. ரோதைமுனியைத் திருச்சியிலோ சேலத்திலோ தேடினும் காண்டல் அரிது. இவற்றை எழுதிவைத்தார் மிகச் சிலர்.

என் வகுப்பு மாணவர்க்கு விடுமுறைப் பயிற்சியாக யான் இடுவது இது. தத்தம் தோட்டத்துக் கோயிலுக்குச் செல்க. கோபுரத்தைப் படம் பிடிப்பதற்குமுன் மணியின் விளிம்பைத் துடைத்துப் பார்க்க. கட்டடம் மாறினும் மணி பெரும்பாலும் மாறுவதில்லை, அதில் ஆண்டும் உபயகாரர் பெயரும் இருத்தல் கூடும். கரகம் எந்த ஓடையில் பாலிக்கப்படுகின்றது, எந்த லயத்தைக் கடந்து எவ்வழி வருகின்றது என்பதை முதியோரிடம் கேட்டு வரைபடம் எழுதுக. பின்னர்ப் பழைய கல் எங்கே என்று வினவுக. பல கோயில்களில் அதனை அகற்றியிரார்கள். புதிய மண்டபத்தின் பின்புறம், மரத்தடியில், எண்ணெய்ப் பிசுக்கேறி அது இருக்கும். திருவிழா நாளில் பூசாரி முதல் விளக்கை அங்கே ஏற்றிவிட்டே உள்ளே செல்வார்.